பெயர் உதிர்ந்த ஐயாயிரம் படங்கள்

இடுகாட்டு அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடமாக எழுத்தராக இருந்தவரை எல்லோரும் ஏட்டையா என்றுதான் கூப்பிடுவார்கள். போலீஸ் ஏட்டு இல்லை. பதிவேடு வைத்திருந்ததால் ஏட்டையா. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் விறைப்பாக நிற்பார்கள். பிறகு முழங்கை நைந்த ஸ்வெட்டரோடு ஓர் ஒல்லியான மனிதர் இருமிக்கொண்டே எழுந்து வருவதைப் பார்த்ததும் இளகிவிடுவார்கள்.

சொல்லிக்கொள்ளும்படியான வேலை இல்லை அது. யாரைப் புதைத்தார்கள், எந்தத் தேதியில், எத்தனையாம் எண் குழியில். அவ்வளவுதான். வசதியுள்ளவர்கள் பெயர் வெட்டிய கல் வைத்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு நகராட்சி கொடுப்பது உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புத் தகடு. அதில் எண் மட்டும் இருக்கும். அந்த எண் யாருடையது என்று பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரியும். பதிவேடு இல்லையென்றால் அந்த மண்ணில் படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் யாரோ ஒருத்தர்தான்.

மொத்தம் முப்பத்தெட்டுப் பதிவேடுகள். பின்பக்க அறையில், ஈரம் ஊறிய சுவரை ஒட்டி ஓர் அலமாரியில் இருந்தன. அவற்றை நகலெடுத்து வைக்கச் சொல்லி ஏட்டையா மேலே மூன்று தடவை எழுதிப் போட்டார். மூன்று தடவையும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. மூன்றாவது பதிலை மடித்து மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்து தன் கேமராவை எடுத்து வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னலோரம் பதிவேட்டை விரித்து வைத்து, இரண்டு பக்கத்துக்கு ஒரு படம். நான்கு வருடத்தில் ஆறாயிரத்து இருநூறு படங்கள் ஆயின. சோப்புப் பெட்டி அளவு கறுப்பு ஹார்டு டிஸ்க் ஒன்றில் பதிவேட்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் வருடம், மாதம், பக்கம் என்று பெயரும் வைத்தார். படம் எடுத்ததைவிடப் பெயர் வைத்ததுதான் அதிக நாள் பிடித்தது.

அதற்கப்புறம் ஒரு நீண்ட விடுமுறையில் மாடிக் குழாய் வெடித்து, நான்கு நாள் தண்ணீர் கொட்டி, பதிவேடுகள் அத்தனையும் கூழாகிப் போயின. குப்பை லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். சுகாதாரப் பிரிவு அதிகாரியம்மா வந்து பார்த்துவிட்டு, “நல்ல வேளை, உங்ககிட்ட காப்பி இருக்கே” என்றார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்: மின்னணு நகல் உள்ளது.

இருந்தது ஒரே ஒரு நகல். இன்னொன்று எடுத்து வைக்க வேண்டும் என்பது ஏட்டையாவுக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த வாரம் செய்யலாம் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கேபிளைச் சொருகினார். வழக்கமாக வருகிற ஃபோல்டர்கள் வரவில்லை. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கேபிளைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினார். மறுபடியும் அதையே கேட்டது. இன்னொரு ஓட்டையில் சொருகினார். அங்கேயும் அதே கேள்வி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூடத் தோன்றாமல் மதியம் மூன்று மணிவரை அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிப் பிரிவில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் இருந்தார். அவர் வந்து உட்கார்ந்து, “இதெல்லாம் சப்பை மேட்டர். ரிப்பேர் போட்டுவிட்டா சரியாயிடும்” என்று ஏதோ ஒன்றை ஓடவிட்டார். ஒரு மணி நேரம் ஓடியது. முடிந்ததும் டிஸ்க் திறந்தது.

“பாத்தீங்களா, திறந்துடுச்சு.”

திறந்தது உண்மைதான். உள்ளே ஒன்றுமே இல்லை. வரிப் பிரிவுக்காரர் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

ஏட்டையா யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரியம்மாவிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. வீட்டில் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. நான்கு வருடமாக மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருகிறார் என்று மனைவிக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். “செத்தவங்களுக்குப் பண்றதுல பாதி உயிரோட இருக்கிறவளுக்குப் பண்ணினா என்னவாம்” என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். அந்த வேலை ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

தொலைந்த ஃபைல்களை மீட்டுத் தருகிறவர் ஒருவர் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறினால் ஒரு சின்ன அறை. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, கடும் ஜலதோஷத்தில், மேசை விளக்குக்குக் கீழே எதையோ திருகிக்கொண்டிருந்தார். டிஸ்க்கை வாங்கிக் காதோரம் வைத்துக் கேட்டார்.

“கீழ விழுந்துச்சா சார்?”

“இல்லம்மா. ரெண்டு மூணு மாசமாவே டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வந்துட்டிருந்துச்சு.”

“அப்பவே கொண்டு வந்திருக்கணும். கெட்டதுக்கப்புறம் யாராவது கை வெச்சாங்களா?”

ஏட்டையா தயங்கினார். “ரிப்பேர்னு ஒண்ணு ஓட்டினாங்க.”

பெண்மணி மூக்கைச் சிந்திக்கொண்டு அவரைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“அது ரிப்பேர் இல்ல சார். டிஸ்க்கு திறந்தா போதும்னு, குழம்பிக் கிடக்கிறதையெல்லாம் தூக்கிக் கடாசிடும். சரி, இதுக்குமேல இதைத் தொட வேண்டாம். முதல்ல இதுல இருக்கிறதை அப்படியே வேற டிஸ்க்குல இறக்கணும். படிக்க முடியாத இடம் நிறைய இருக்கும்போல. மெதுவாத்தான் போகும். பத்து நாள் ஆகலாம். என்ன வரும், எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது.”

“எல்லாம் வந்துடுமா?”

“அதைத்தான் சொல்ல முடியாதுன்னேன்.”

நீங்கள் தினமும் வர வேண்டியதில்லை, முடிந்ததும் நானே ஃபோன் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஏட்டையா மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். அலுவலகம் முடிந்ததும் இரண்டு பஸ் பிடித்து, படியேறி, மூலையில் கிடந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். திரையில் ஒரு நீளமான பட்டை. பச்சை என்றால் படித்தாகிவிட்டது, சிவப்பு என்றால் படிக்க முடியவில்லை. பச்சை நகர்வது கண்ணுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். பெண்மணி முதல் இரண்டு நாள் முகம் சுளித்தார். மூன்றாம் நாள் ஒரு டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில்தான் லாரிக்காரம்மா வந்தார். சரக்கு லாரி ஓட்டுகிறவர். ஐம்பது வயதுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, இஞ்சின் சூடு ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுகிறவர்போல் மளமளவென்று சொன்னார்.

“எங்கம்மா இங்கதான் இருக்காங்க சார். எனக்கு அப்ப பதினொரு வயசு. பெரியாஸ்பத்திரியில தவறிட்டாங்க. வாங்கிட்டுப் போக ஆள் இல்லைன்னு ஆஸ்பத்திரியே கொண்டுவந்து புதைச்சிட்டாங்க. எனக்குச் சொன்னதே ரெண்டு மாசம் கழிச்சுத்தான். சித்தி வீட்டுல இருந்தேன். இறந்த சர்டிபிகேட் இப்பதான் கிடைச்சுது.”

காகிதத்தை நீட்டினார். உடலைப் புதைக்க அனுப்பிய தேதி ஓரத்தில் குறித்திருந்தது: ஆறாம் தேதி. ஏட்டையா அதை வாங்கி, தேவைக்கு அதிகமான நேரம் படித்தார்.

“பதிவேடு பைண்டிங்குக்குப் போயிருக்கும்மா” என்றார். “அடுத்த மாசம் வாங்க.”

“சரி சார். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் லோடு வரும். அப்ப வரேன். முப்பத்தெட்டு வருஷம் இருந்தாச்சு, இதென்ன.”

லாரி கிளம்பிப் போன சத்தம் அடங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் அந்த மேசையிலிருந்து அவர் சொன்ன முதல் பொய் அது. இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்றுதான் அவருக்கு ஆச்சரியம்.

அன்றைக்கு வீடு திரும்பியபோது மனைவி வாசல் கதவிலேயே நின்றிருந்தார்.

“உள்ள வாங்க. ஒரு வாரமா லேட்டு. கேட்டா ஆடிட்டுங்கிறீங்க. உங்க ஆபீஸ்ல யாரை ஆடிட் பண்றாங்க? படுத்திருக்கிறவங்களையா?”

ஏட்டையா செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். டிஸ்க், ரிப்பேர், பச்சைப் பட்டை, லாரிக்காரம்மா, பைண்டிங் பொய். சொல்லி முடித்ததும் மனைவி அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் என்னென்னமோ நினைச்சிட்டேன்” என்றார். “உடம்புக்கு எதாவது வந்து, எனக்குத் தெரியாம ஆஸ்பத்திரிக்குப் போறீங்களோன்னு பயந்துட்டிருந்தேன். டிஸ்க்குதானா.”

“டிஸ்க்குதானாவா?”

“சரி, கோவிச்சுக்காதீங்க. எழுந்திருங்க. கை கால் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க. இன்னைக்காவது முழுசா சாப்பிடுங்க.”

பன்னிரண்டாம் நாள் பெண்மணி ஃபோன் செய்தார். ஏட்டையா அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். இந்தத் தடவை ஜலதோஷம் ஏட்டையாவுக்கு வந்திருந்தது.

“ஐயாயிரத்து நூறு படம் எடுத்திருக்கேன் சார். மீதி ஆயிரத்து நூறு கிடைக்கல. எடுத்ததுலயும் எழுநூறு கிட்ட பாதிதான் தெரியுது.” திரையில் ஒன்றைத் திறந்து காட்டினார். பக்கத்தின் மேற்பாதியில் எழுத்து வரிவரியாகத் தெளிவாக இருந்தது. கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில், சிமெண்ட் பூசியதுபோல் இருந்தது.

“அடுத்ததைச் சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க. படம்தான் வந்திருக்கு. பேர் வரல. நீங்க வெச்ச பேரு, எந்த ஃபோல்டர்ல எதுன்னு இருக்குமே, அது எழுதியிருந்த இடம் ரிப்பேர்ல போயிடுச்சு. எல்லாம் கலைஞ்சு, ஒரே குவியலாத்தான் தர முடியும்.”

ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குள் ஐயாயிரத்து நூறு படங்கள், ஒன்று இரண்டு மூன்று என்று வெறும் எண்களோடு. ஏட்டையா ஒன்றைத் திறந்தார். தேதியும் மாதமும் இருந்தன, வருடம் இல்லை. பதிவேடுகளில் வருடத்தை முதல் பக்கத்தில் மட்டும்தான் எழுதுவார்கள். குழி எண்ணும் உதவாது. ஒவ்வொரு பகுதியிலும் எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கும், அந்த இடுகாட்டில் ஒன்பது பகுதிகள் இருந்தன.

“கிடைச்ச வரைக்கும் நல்லதும்மா” என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படிச் சொல்லிவிட்டு அழாமல் எழுந்து போன ஆட்கள் குறைவு என்று பெண்மணி சொன்னார். மூன்று தனித்தனி டிஸ்க்குகளில் காப்பி போட்டுக் கொடுத்தார். மூன்றையும் ஒரே பையில் வைக்காதீர்கள் என்று படி வரை வந்து சொன்னார்.

அதிகாரியம்மாவிடம் அவர் மறுநாளே போய் நடந்ததைச் சொன்னார். அதிகாரியம்மா பேனாவை மூடி வைத்தார்.

“நான் அறிக்கையில நகல் இருக்குன்னு எழுதியிருக்கேன், ஏட்டையா.”

“இருக்கு மேடம். கலைஞ்சு போய் இருக்கு.”

“ஒழுங்குபடுத்த ஆள் கேட்டா தர மாட்டாங்க.”

“தெரியும் மேடம்.”

“அப்ப?”

“ரிட்டயர் ஆக எனக்கு ஒரு வருஷம் இருக்கு.”

அதிகாரியம்மா அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போக அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவரால் முடிந்தது அதுதான்.

வேலை விடிகாலையில் நடந்தது. ஐந்து மணிக்கு எழுந்து ஏழு மணி வரை. அவர் கண்ணுக்கு வரிகள் மங்கலாகத் தெரிந்ததால், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்வார். முதல் வாரம் முழுக்க முணுமுணுப்புத்தான். இரண்டாவது வாரத்தில் பழைய எழுத்தர்களின் கையெழுத்து மனைவிக்கு அடையாளம் தெரிய ஆரம்பித்தது.

“இவரு சாஞ்சாங்கோல். எல்லா எழுத்தும் மேற்கால விழுது” என்பார். “இவரு கஞ்சன், ஒரு வரியில ரெண்டு பேரைப் போட்டிருக்காரு.” பச்சை மையில் எழுதியவர் ஒருவர், ஒவ்வொரு எண்ணுக்குக் கீழேயும் கோடு போட்டவர் இன்னொருவர். எந்தக் கையெழுத்து எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று ஏட்டையாவுக்குத் தெரியும். தனக்கு முந்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பட்டியல் அலுவலகச் சுவரில் தொங்கியது. கையெழுத்தால் முதலில் ஆள்வாரியாகப் பிரித்தார்கள். பிறகு மாதவாரியாக, பிறகு குழி எண் வாரியாக. ஒரு நாளைக்கு நாற்பது படம் ஒழுங்கானால் நல்ல நாள். சில நாட்களில் பத்துகூட ஆகாது. நேற்று சேர்த்ததை இன்று பிரிக்க வேண்டி வரும். முதுகு பிடித்துக்கொண்டது. மனைவியின் தொண்டை கட்டிப்போனது. மகள் ஊரிலிருந்து ஃபோன் செய்து, “ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா” என்று கேட்டாள். இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

லாரிக்காரம்மா சொன்னபடி ஆறு வாரத்தில் வந்தார். இன்னும் ஆகவில்லை என்றார் ஏட்டையா. இந்தத் தடவை பைண்டிங் என்று சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, “அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். காகிதத்தை மடித்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார். ஏட்டையா அன்றைக்கு வீட்டில் அந்த வருடத்தை முதலில் எடுத்துக்கொண்டார். சாஞ்சாங்கோல் எழுதிய வருடம் அது. பதினேழு நாட்கள் தேடி, அந்த மாதத்துப் படம் இரண்டைக் கண்டுபிடித்தார்கள்.

முதல் படத்தில் கீழ்ப்பாதி சாம்பல். கண்ணுக்குத் தெரிந்த கடைசி வரி நாலாம் தேதி, குழி எண் 2212. அடுத்த படம் ஒன்பதாம் தேதியில், 2221-இல் ஆரம்பித்தது. ஆறாம் தேதி சிமெண்டுக்குள் இருந்தது.

மனைவி திரையைத் தொட்டுப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் சுரண்ட முடியாதா?”

மீட்டுத் தந்த பெண்மணியிடம் கேட்டார்கள். அவர் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, அந்த இடத்தில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை சார் என்றார்.

அடுத்த தடவை லாரி வந்தபோது ஏட்டையா லாரிக்காரம்மாவை உள்ளே உட்காரச் சொல்லவில்லை. அந்த வருடம் புதைத்தவர்கள் இருக்கும் ஐந்தாம் பகுதிக்கு நேராக அழைத்துப் போனார். ஈரப் புல்லில் நடந்தபடியே சொன்னார்.

“2213-லேருந்து 2220 வரைக்கும், எட்டுக் குழி. உங்கம்மா இந்த எட்டுல ஒண்ணுலதான் இருக்காங்க. அது நிச்சயம். எதுலன்னு எழுதியிருந்த வரி போயிடுச்சு. என் கவனக்குறைவுதாம்மா. ரெண்டாவது காப்பி எடுத்து வெச்சிருக்கணும்.”

லாரிக்காரம்மா தகடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“நேத்து நானே வந்து அளந்து பார்த்தேன். இதும் இதும் குட்டைக் குழி, குழந்தைங்க. இந்த ரெண்டுல கல் இருக்கு, வேற பேரு. மிச்சம் நாலு” என்றார் ஏட்டையா.

நான்கும் அடுத்தடுத்து இல்லை. இரண்டு இங்கே, ஒன்று கல்லுக்கு அந்தப்புறம், ஒன்று வேலியோரம். அம்மா என்று சொல்லி நிற்க ஓர் இடம் இல்லாமல் அவர் இப்படியும் அப்படியுமாகத் திரும்பினார். ஏட்டையாவால் அங்கே நிற்க முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை.

“நாலு பேர்ல மூணு பேரு யாரு சார்?”

“தெரியாதும்மா. அவங்க பேரும் அந்தப் பாதியிலதான்.”

“அவங்களைத் தேடி யாராவது வந்தாங்களா?”

“என் காலத்துல இல்ல.”

லாரிக்காரம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் தகட்டருகே குந்தி உட்கார்ந்தார். சுற்றியிருந்த களையைப் பிடுங்க ஆரம்பித்தார். லாரிச் சக்கரம் மாற்றிப் பழகிய கை, களை வேரோடு வந்தது. முதலாவதை முடித்து இரண்டாவதுக்குப் போனார். ஏட்டையா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேலியோரத்தில் இருந்ததற்குப் போய் முழங்காலிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது, பொருட்படுத்தவில்லை. நான்கும் முடிய ஒன்றே கால் மணி நேரம் ஆனது.

“லோடு லேட்டாயிடுச்சு” என்றார் லாரிக்காரம்மா, கையைத் தட்டிக்கொண்டு. “வரேன் சார். அடுத்த தடவை ஒரு மண்வெட்டி கொண்டு வரேன். களை வந்துடுது, இந்தப் புல்லுதான் கையில வர்றதில்ல.”

அவர் மறுபடியும் வந்தார், அதற்கடுத்தும் வந்தார். நான்கையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். ஒருமுறை அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்து, “எங்க நாலு பேரும் சௌக்கியமா சார்” என்று கேட்டார். “சௌக்கியம்மா” என்றார் ஏட்டையா.

ஒழுங்குபடுத்தும் வேலை எட்டு மாதத்தில் பெரும்பாலும் முடிந்தது. முழுப் பக்கங்கள் ஒரு பக்கம், பாதிப் பக்கங்கள் ஒரு பக்கம். சாம்பலுக்குள் போன வரிகள் எத்தனை, எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவே, எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவே என்று தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தார். காணாமல் போன ஆயிரத்து நூறு படங்களுக்கு அந்த நோட்டில் நாற்பது பக்கம் பிடித்தது. அதை எழுதும்போதுதான் அவருக்கு மிகவும் களைப்பாக இருந்தது என்று மனைவி பிற்பாடு சொன்னார். ஒரு பேர்கூட இல்லாத நாற்பது பக்கத்தை எழுதுவது லேசில்லை.

அவர் ஓய்வுபெற்ற அன்று அதிகாரியம்மா மூன்று டிஸ்க்குகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, மூன்று வெவ்வேறு கட்டடத்தில் வைக்க ஏற்பாடு செய்தார். புதிதாக வந்த எழுத்தர், பதிவு எல்லாம் நேரடியாகக் கம்ப்யூட்டரில்தான் என்றார். ஏட்டையா தலையாட்டினார். எத்தனை காப்பி என்று கேட்டார். புதியவர் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் மேலே பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

எந்த வருடம் என்றே பிடிபடாத படங்கள் இரண்டாயிரமாக இருந்தவை குறைந்து இப்போது இருநூற்றுச் சொச்சத்துக்கு வந்திருக்கின்றன. அவற்றின் நகலை மட்டும் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். ஐந்து மணிக்கு இப்போது எழுந்திருப்பதில்லை, எட்டு ஆகிவிடுகிறது. மனைவிக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து, மறு கண்ணால்தான் படிக்கிறார்.

“இது யாரு கை?” என்று கேட்கிறார் ஏட்டையா.

“தெரியலைங்க. புதுசா இருக்கு. லீவுக்கு வந்த ஆளாயிருக்கும்.”

“சரி, அப்படி ஓரமா வை.”